ஊர் காப்போர்க்கு வட்டிச் சுமையா?

நோய் வந்த பின்னர் மருந்து தருபவன் மருத்துவன். நோய் வாராமலே ஊரைக் காப்பவன் எவன்? குடிநீரில் கழிவு கலந்ததா என்று பார்ப்பவனையும், குழந்தைகட்கெல்லாம் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கணக்கெடுப்பவனையும், ஒரு தெருவில் மூவர்க்கு ஒரே காய்ச்சல் கண்டால் நான்காமவர்க்கு அது தொற்றுமுன் அத்தெருவை அடைபவனையும் உலகம் அறியாது. அவன் வென்ற நாளில் ஊரில் ஒன்றும் நடப்பதில்லை. 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செர்சி நகரக் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். அதனால் சாவினின்று தப்பியவர் எவரும் வந்து நன்றி கூறவில்லை, கூறவும் இயலாது. தாம் தப்பியதை அவரே அறியார் அல்லரோ?

நடவாத சாவுக்கு எந்தக் கடையில் விலை உண்டு? மருத்துவன் கையில் நோயாளி பணம் வைக்கிறான். வழக்குரைஞன் கையில் வழக்காளி பணம் வைக்கிறான். நோய் வாராமற் காப்பவன் கையில் பணம் வைக்கத் தனியாள் எவனும் வரமாட்டான். அவனுக்குச் சோறிட வேண்டியது பொதுப்பணமே. பொதுப்பணமோ எந்நாட்டிலும் அளந்து அளந்துதான் வரும். அத்தகைய தொழிலுக்குரிய கல்வியை வட்டிக் கடையிற் கொண்டுபோய் வைத்த நாடு அமெரிக்கா. அவ்வட்டிக் கடையின் வாயிலில் தமிழிளைஞரையும் வரிசையில் நிறுத்துகிறார்கள் இங்குள்ள கல்வித் தரகர்கள்.

'எம்.பி.எச்.' என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் பட்டம், மக்கள் நல்வாழ்வியல் முதுவர் பட்டம். பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பு. அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுப் படிப்புக் கட்டணம் மட்டுமே 50,000 தாலரை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். உறைவிடம், உணவு, காப்பீடு, நூல்கள் எல்லாம் அதற்குப் புறம்பு. ஆகவே ஈராண்டிற்கு 1,00,000 தாலர் கடன் என்பது மிகைப்படுத்திச் சொல்லும் தொகையன்று. குறைத்துச் சொல்வதாகவே பலர்க்கு இருக்கும்.

அந்நாட்டு நடுவணரசே கடன் கொடுக்கிறது என்று பெருமை பேசுவோர் உளர். கொடுத்த அழகைப் பார்க்கலாம். 2024 சூலை முதல் 2025 சூன் வரை முதுநிலை மாணவர்க்குக் கொடுத்த பொதுக் கடனுக்கு வட்டி 8.08 விழுக்காடு. அது போதாதார்க்குக் கொடுத்த 'கிராட் பிளசு' கடனுக்கு 9.08 விழுக்காடு. பிந்தியதில் நூற்றுக்கு நான்கு தாலருக்கு மேல் முதலிலேயே கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள். வட்டியோ கழித்ததற்கும் சேர்த்து! கந்துவட்டிக்காரன் செய்தால் குற்றம். அரசு செய்தால் அதற்குக் கல்வியுதவி என்று பெயர்.

இனி எடைத்தட்டின் மறுபுறம். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2023-ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட கணக்கின்படி, பரவுநோய் ஆய்வாளரின் ஆண்டு ஊதியம் 81,390 தாலர். நல்வாழ்வுக் கல்வியாளர்க்கு 62,860 தாலர். ஊர் நல ஊழியர்க்கு 48,200 தாலர். இவை நடுநிலைத் தொகைகள். அஃதாவது, அப்பணியிலிருப்போரில் பாதிப்பேர் இவற்றிற்குக் கீழேதான் வாங்குகின்றனர். பத்தாண்டு இருபதாண்டு பணியாற்றித் தலைநரைத்தவரும் இக்கணக்கினுள் அடங்குவர். பட்டம் வாங்கி வெளிவந்த மறுநாள் வேலைக்குச் சேரும் இளைஞனுக்கு இத்தொகை கிடைக்கும் என்று தரகன் சொன்னால், அவன் கணக்கறியாதவனாகவோ பொய்யனாகவோ இருத்தல் வேண்டும்.

1,00,000 தாலர் கடனை 8 விழுக்காட்டு வட்டியிற் பத்தாண்டில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், திங்கள்தோறும் 1,213 தாலர் கட்டுதல் வேண்டும். பத்தாண்டு முடிவில் கட்டியிருப்பது ஏறத்தாழ 1,45,600 தாலர். 62,860 தாலர் வாங்கும் நல்வாழ்வுக் கல்வியாளர்க்கு வரிகளும் பிடித்தங்களும் போகத் திங்களுக்கு ஏறத்தாழ 4,100 தாலர் கைக்கு வரும். அதில் நூற்றுக்கு முப்பது பங்கு வட்டிக்கடைக்கே போய்விடும். மீதியில் வாடகை, ஊர்தி, உணவு. மணம் செய்துகொள்வதும் மகப்பேறும் முதுமைக்குச் சேர்ப்பதும் பின்னர்ப் பார்த்துக்கொள்ள வேண்டியவை. ஓராண்டு ஊதியத்திற்கு மேற்பட்ட கடனை வாங்காதே என்று அந்நாட்டுப் பெரியோரே தம் பிள்ளைகட்கு அறிவுரை கூறுவர். இங்குக் கடன் ஒன்றரை மடங்கிற்கு மேல் நிற்கிறது.

எல்லாரும் இவ்வளவு கடன் வாங்குவதில்லையே என்று கேட்பார் கேட்கலாம். மெய்தான். தம் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்திற் சேரும் அமெரிக்கர் அதிற் பாதியிலோ அதனினுங் குறைவிலோ அப்பட்டத்தைப் பெறுவதுண்டு. அங்கேதான் ஏமாற்று வெளிப்படுகிறது. இரண்டு பட்டமும் ஒரே பட்டம். இரண்டிற்கும் ஒப்புதல் வழங்குவது ஒரே அமைப்பு. மாவட்ட நல அலுவலகம் கொடுக்கும் ஊதியமோ பதவிக்குரிய ஊதியம், பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய ஊதியமன்று. சட்டம் படித்தவனுக்கும் வாணிகம் படித்தவனுக்கும் பெயர்பெற்ற பள்ளி பெரும்பணத்தைத் திருப்பித் தரலாம். கொசுப்புழுவை எண்ணுபவனுக்கு அப்பெயர் எதைத் தரும்? புழு ஏட்டைப் பார்த்துவிட்டா சாகிறது?

வருவாய்க்கேற்பக் கட்டும் ஏற்பாடு உண்டே என்பது அடுத்த வாய்ப்பாடு. அதன் உள்ளே புகுந்து பார்த்தவர் குறைவு. 48,200 தாலர் வாங்கும் தனியாள் ஒருவர், வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்து மீந்ததிற் பத்தில் ஒரு பங்கு கட்டும் திட்டத்தில் 2023-இல் இருந்தார் என்று கொண்டால், அவர் திங்களுக்குக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 220 தாலர். நூறாயிரம் தாலர்க் கடனுக்குத் திங்கள் வட்டியோ 667 தாலர். கட்டியது போகத் திங்கள்தோறும் 447 தாலர் வட்டி நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல், கட்டியவர் கடனே வளர்கிறது! ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பியவனைக் கேட்டதுண்டு. நிரப்ப நிரப்ப ஓட்டை பெரிதாகும் குடத்தை அமெரிக்கரே கண்டுபிடித்தனர். அந்நாட்டில் நாலு கோடிக்கு மேற்பட்டோர் நடுவணரசுக் கல்விக்கடனாளிகள். அவர்தம் கடன் ஒன்றரை நூறாயிரம் கோடி தாலருக்கு மேல்.

பொதுத்தொண்டில் இருப்போர்க்குக் கடன் நீக்கம் உண்டு என்பதே இவர்தம் வலுவான வழக்கு. அதை நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். 2007-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் செய்தது. அரசிலோ, ஊதியம் கருதாத அறநிறுவனத்திலோ பணியாற்றிக்கொண்டு 120 தவணை கட்டியவர்க்கு எஞ்சிய கடன் நீக்கப்படும் என்றது. நல்ல சட்டம். பத்தாண்டு முடிந்து 2017-இல் முதற்கூட்டத்தார் வந்து கைநீட்டியபோது நடந்தது என்ன? தொடக்கக் காலத்தில் விண்ணப்பித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருப்பியனுப்பப்பட்டனர். கடன்வகை பிழையாம், கட்டிய திட்டம் பிழையாம், தவணைகளைத் தண்டற் குழுமம் எண்ணிய எண்ணிக்கை பிழையாம். பத்தாண்டு ஊரைக் காத்தவன் படிவம் நிரப்புவதில் தோற்றான். பின்னர் 2021 முதல் விதிகளைத் தளர்த்திய பின்னரே கதவு திறந்தது. 2024 இறுதிக்குள் பத்து நூறாயிரத்திற்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அதை மறைத்தல் முறையன்று. ஆயினும், கதவைத் திறக்கவும் அடைக்கவும் ஆளுங்கட்சியின் கை போதும் என்பதை அதுவே காட்டிவிட்டது.

மேலும், 120 தவணை கட்டப் பத்தாண்டு அரசுவேலை நிலைத்திருத்தல் வேண்டுமன்றோ? 2025 மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நடுவணரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை 10,000 பேரை வேலையினின்று நீக்குவதாக அறிவித்தது. அவருள் ஏறத்தாழ 2,400 பேர் அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு நடுவத்தைச் சேர்ந்தவர். 1946-இல் முறைக்காய்ச்சலை ஒழிக்கத் தோன்றி, உலகமெல்லாம் பெரியம்மையைத் துரத்தியதிற் பங்குகொண்ட நடுவம் அது. மாநில நல அலுவலகங்கட்குக் கொரோனாக் காலத்தில் ஒதுக்கிய பணத்தில் 1,100 கோடி தாலருக்கு மேல் திரும்பப் பெறவும் அதே திங்களில் ஆணை பிறந்தது. சில மாநிலங்கள் வழக்குமன்றம் சென்று தடுத்தன. வெளிநாட்டு நலப்பணிகட்குப் பணம் வழங்கிய அமெரிக்க வளர்ச்சியுதவி முகமை 2025 சூலையில் மூடப்பட்டது. கட்டிய தவணைகளின் எண்ணிக்கை அழியாது என்பது உண்மையே. எனினும், வேலை போனவனுக்கு எண்ணிக்கை ஏறாது. வட்டி மட்டும் ஏறும். 2020-லும் 2021-லும் கொரோனாவின் கொடுமையைக் கண்டு, தொண்டு செய்யும் வேட்கையோடு இப்படிப்பிற்கு விண்ணப்பித்து வந்த இளைஞர் கூட்டத்தை நினைத்தால் நெஞ்சு நோகும்.

இக்கடன்முறை இயற்கை வகுத்த நெறியா? அன்று. 1915-இல் வெல்ச்சும் உரோசும் அமெரிக்காவில் நல்வாழ்வுக் கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்று திட்டம் வரைந்தனர். அடுத்த ஆண்டே இராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் சான்சு ஆப்கின்சுப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனிப்பள்ளி எழுந்தது. 1950-களின் பிற்பகுதியில், இப்பயிற்சிக்கு வருவோர்க்கும் பயிற்சிப் பள்ளிகட்கும் நடுவணரசே பணம் வழங்கச் சட்டமியற்றியது. பொதுப்பணிக்குப் பொதுப்பணத்தில் ஆள் ஆக்குதல் என்னும் முறை அறியாத நாடன்று அது. அறிந்திருந்தும் கைவிட்ட நாடு.

2025 சூலை 4-இல் கையொப்பமான சட்டம் இன்னொரு கூத்தைத் தொடங்கிவைத்தது. கிராட் பிளசுக் கடன் 2026 சூலை 1 முதல் புதியவர்க்கு இல்லை. தொழிற்பட்டம் படிப்போர் ஆண்டுக்கு 50,000 தாலரும் மொத்தம் 2,00,000 தாலரும் நடுவணரசிடம் கடன் பெறலாம். மற்ற முதுநிலை மாணவர்க்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000. எவை தொழிற்பட்டம் என்று முடிவு செய்ய அமர்ந்த குழு 2025 நவம்பரில் ஒரு வரைவை ஒப்பியது. மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் அதில் இருந்தன. சமயக் குருமார் படிக்கும் இறையியலும் இருந்தது. முதுகெலும்பை நெட்டித் திருத்தும் படிப்பும் இருந்தது. மக்கள் நல்வாழ்வியல் இல்லை, செவிலியமும் இல்லை. செத்த பின் வழியனுப்புவது தொழிலாம். சாவாமற் காப்பது தொழிலாகாதாம்!

கடனுக்கு வரம்பு கட்டியதை மட்டும் தனியே நோக்கின், அதனைத் தவறென்று தள்ளிவிட இயலாது. கேட்டதெல்லாம் கடனாகக் கிடைக்கும் இடத்தில் பல்கலைக்கழகம் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகும். வரம்பு கண்டு கட்டணம் இறங்குமானால் நன்றே. இறங்காவிடில், மாணவன் தனியார் வைப்பகத்தின் வாயிலுக்குப் போவான். அங்கே வருவாய்க்கேற்பக் கட்டலும் இல்லை. பொதுத்தொண்டுக்குக் கடன் நீக்கமும் இல்லை.

அந்நாட்டுப் பிள்ளையின் நிலை இதுவாயின், தமிழ்ப்பிள்ளையின் நிலை என்ன? சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் விடுதிக் கூடங்களை வாடகைக்கு எடுத்துத் தரகர்கள் கூட்டம் கூட்டுகிறார்கள். பல் மருத்துவம் படித்து இங்கே வேலையின்றி நிற்போரும், இயன்முறை மருத்துவம் படித்தோரும் அங்கே வந்து அமர்கின்றனர். அமெரிக்கப் பட்டம், தாலர் ஊதியம் என்று திரையிற் படம் ஓடுகிறது. ஓடாத படம் ஒன்றுண்டு. மேலே சொன்ன நடுவணரசுக் கடன் அயல்நாட்டானுக்குக் கிடையாது. ஆகவே வருவாய்க்கேற்ற தவணையும் கிடையாது, கடன் நீக்கமும் கிடையாது. அப்பட்டத்திற்கு வேலை கொடுப்பவருள் தலையாயது அரசு. நடுவணரசு வேலையோ பொதுவாக அந்நாட்டுக் குடிமகனுக்கே உரியது. மாவட்ட நல அலுவலகங்கள் அயல்நாட்டானுக்கு நுழைவிசைவு வாங்கித் தரும் தொல்லையை மேற்கொள்வதரிது. படிப்பு முடித்த பின் அங்கே தங்கி வேலை செய்ய ஓராண்டு இசைவு தருவர். அறிவியல் கணக்கியற் பாடங்களுக்கு மட்டும் மேலும் ஈராண்டு நீட்டிப்பு. பரவுநோயியல், உயிர்ப்புள்ளியியல் படித்தோர்க்குப் பல பல்கலைக்கழகங்களில் அந்நீட்டிப்பு கிடைக்கும். பொதுவான நல்வாழ்வியற் பட்டத்திற்குப் பெரும்பாலும் கிடைக்காது. இந்த ஒரு வேற்றுமையைத் தரகன் முதலில் சொல்லியிருந்தால் கூடத்திற் பாதி நாற்காலி வெறுமையாகியிருக்கும்.

இங்குள்ள பொதுத்துறை வைப்பகங்கள் 7.5 இலக்கம் உருவாவிற்கு மேற்பட்ட கல்விக்கடனுக்குப் பொதுவாக ஈடு கேட்கும். ஈடு என்பது எது? தந்தை முப்பதாண்டு உழைத்துக் கட்டிய வீடு. அல்லது தாத்தன் விட்டுச்சென்ற நிலம். தாலர் ஒன்றுக்கு 85 உருவா என்று கொண்டால் 1,00,000 தாலர் என்பது 85 இலக்கம். அதில் 80 இலக்கத்தைப் பத்து விழுக்காட்டு வட்டியிற் கடனாகப் பெற்றுப் பதினைந்தாண்டில் அடைப்பதாயின், படிக்குங்காலத்து வட்டியைச் சேர்க்காமலே, திங்கள்தோறும் ஏறத்தாழ 86,000 உருவா. முடிவில் கட்டியிருப்பது ஒன்றரைக் கோடிக்கு மேல். தாலரில் ஊதியம் வருமளவும் உருவா மதிப்புக் குறைவது கடனாளிக்கு ஆதாயமாகலாம். வேலை கிட்டாமல் ஊர் திரும்பினவனுக்கோ? இங்குள்ள நலத்திட்டங்களில் ஒப்பந்தப் பணியிலிருப்போர்க்கு அத்தவணைத் தொகை முழுச்சம்பளமாகவேனும் வருவதரிது. உண்ணாமல் உடுக்காமல் சம்பளம் முழுதையும் கொட்டினாலும் வீட்டு ஆவணம் மீளாது.

இத்துணைக்கும், மக்கள் நல்வாழ்வில் தமிழ்நாடு எவரிடமும் கையேந்த வேண்டிய நாடன்று. 1939-இலேயே சென்னை மாகாணம் நல்வாழ்வுக்கெனத் தனிச்சட்டம் கண்டது. மருத்துவமனைத் துறையினின்று பிரித்துத் தனி இயக்ககமும், அதற்கெனத் தனி அலுவலர் அணியும் இங்குண்டு. அவ்வணிக்கு வரும் மருத்துவர் நல்வாழ்வுப் பட்டயம் பெறுதல் வேண்டும் என்று விதித்து, அரசே அவரை அனுப்பிப் படிக்கவைத்தது. அமெரிக்கா கைவிட்ட முறை இங்கே கையிலிருந்தது. அதை விரித்துப் பெருக்காமல் விட்டவர் யார்? பலகையைப் பார்த்தாலே அரசின் நினைப்பு தெரியும்: அமைச்சர் துறைக்கு 'மக்கள் நல்வாழ்வு' என்று நற்றமிழ்ப் பெயர், அதன்கீழ் இயக்ககத்தின் பலகையிலோ 'சுகாதாரம்' என்னும் வடசொல் இன்னும் குந்தியிருக்கிறது. சென்னையிலுள்ள நடுவணரசின் கொள்ளைநோயியல் நிறுவனத்தில் இம்முதுவர் பட்டத்தைப் படிக்கலாம்; ஆங்கிலத்தில். சேலத்துச் சிற்றூரில் கருவுற்ற பெண்ணிடம் உணவு பற்றிப் பேசவேண்டிய கல்வி, அவள் மொழியில் ஒரு பாடநூல் இன்றி நடக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தினின்று பிசுக்கு கிரீன் என்னும் மருத்துவர் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு வந்தார். சமயம் பரப்ப வந்தவர்தாம். ஆயினும் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்துப் பதிப்பித்தார். மாணவர் அமெரிக்கா போகவில்லை. அமெரிக்கர் தமிழுக்கு வந்தார். அவ்வழியில் நூற்றைம்பது ஆண்டு நடந்திருந்தால், இன்று வீட்டை ஈடு வைத்து வானூர்தி ஏற வேண்டியிராது.

தமிழ்நாட்டரசு செய்ய இயல்வது இது: கிண்டியிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டு மக்கள் நல்வாழ்வியற் படிப்பைத் தமிழிற் தொடங்குதல்; பல் மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவிலியர், புள்ளியியலார் ஆகியோரைத் தேர்ந்து சேர்த்து, படிக்குங்காலத்து உதவித்தொகை வழங்குதல்; ஈடாக வீட்டு ஆவணம் கேளாமல், ஐந்தாண்டு மாவட்டப் பணிக்கு எழுத்து வாங்குதல்; பணி முடித்தோரை நிலையான ஊதிய ஏற்றத்தில் அமர்த்துதல். அடுத்த சேர்க்கைக்கான தரகர் கூட்டங்கள் விடுதிக் கூடங்களில் மீண்டும் கூடிவிடும். அதற்கு முன்னர் அரசின் அறிவிப்பு வரட்டும்.